ஆண்டவர் குறித்த காலம்



நம் திருவிடந்தை காத்திருப்போரின் ஊர். திருமணம் கைகூட வேண்டுமென்று நித்திய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு வரும் பிற சமயச் சகோதரர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். நம் மக்களின் காத்திருப்பும் அதற்குக் குறைந்ததன்று. வேலைக்காக, பிள்ளைப்பேற்றுக்காக, குடியை விட்டு மீளாத கணவனுக்காகச் செபிப்போர் பலர். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி இக்கரையை அடித்தபின், "ஆண்டவர் எங்கே, சுவாமி?" என்ற கேள்வி இக்கரை நெடுக எழுந்தது. அதற்கு நம்மிடமும் உடனடி விடை இருக்கவில்லை. குருவானவரை ஐயம் அணுகாது என்று எவரும் எண்ண வேண்டாம்.

ஜூபிலி மலரில் வெற்றிகளை எழுதுவது வழக்கம். நாம் ஐயத்தால் சோர்ந்த ஒரு குருவின் வரலாற்றை எழுத விரும்புகிறோம்.

1773-இல் திருத்தந்தை 14-ஆம் கிளமெந்து இயேசு சபையைக் கலைத்தார். அர்ச். அருளானந்தரும் வீரமாமுனிவரும் உழைத்த மதுரை மிஷன் தன் மேய்ப்பர்களை இழந்தது. பாரீஸ் வேதபோதக சபையாரும் கோவாவிலிருந்து வந்த குருக்களும் தாங்கிப் பிடித்தனர். ஆனால் அவர்கள் மிகச் சிலரே. 1789-இல் மூண்ட பிரெஞ்சுப் புரட்சியால் அங்கிருந்து குருக்கள் வருவதும் அருகிற்று.

அந்த இருண்ட நாளில், 1792-இல், புதுச்சேரிக்கு வந்தவர் அபே துபுவா என்ற இளங்குரு. நம் நாட்டு உடையுடுத்தி, நம் மக்களோடு மக்களாய் வாழ்ந்தார். 1799-க்குப் பின் மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் திரட்டினார். வைசூரி பரவாமல் தடுக்க, 1803-04-இல் 25,000-க்கும் மேற்பட்டோருக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தார். ஆயினும் உள்ளம் தளர்ந்தது. 31 ஆண்டுகள் உழைத்தபின் 1823 சனவரியில் கப்பலேறினார். அவ்வாண்டே இலண்டனில் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தன. அன்றைய நிலையில் இந்நாட்டில் திருமறை வளர வழியே இல்லை என்பது அவற்றின் சாரம்.

அவரைக் குறைகூற நமக்கு மனமில்லை. உழைக்காதவன் சோர்வதில்லை. ஆனால் அவர் அறியாதது ஒன்றிருந்தது.

அவர் கப்பலேறுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 1822 மே 3-இல், பிரான்சு நாட்டு லியோன் நகரில் விசுவாசப் பரப்புதல் சபை தோன்றியது. அதற்கு வித்திட்டவர் பவுலின் சாரிக்கோ என்னும் 22 வயதுப் பெண். பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து, ஆளுக்கு வாரம் ஒரு செப்புக்காசும் ஒரு செபமும் தருவது அவர் கண்ட வழி. அக்காசுகள் கடல்கடந்து கீழ்த்திசை மிஷன்களுக்கு எட்டின. 1814-இல் மீண்டும் நிறுவப்பட்டிருந்த இயேசு சபையின் குருக்கள் 1838-இல் மதுரை மிஷனுக்குத் திரும்பினர். 1844-இல் ஆயர் பொன்னான் கூட்டிய புதுச்சேரிச் சங்கம், நம் நாட்டவரையே குருக்களாக்க வேண்டுமென்று வலியுறுத்தியது. இனி வழியில்லை என்று துபுவா சுவாமி எழுதி இருபத்தைந்து ஆண்டுகூட முடியவில்லை!

அவரும் சும்மா இருந்துவிடவில்லை என்பதே நம் நெஞ்சைத் தொடுவது. பாரீஸ் திரும்பியவர் தம் சபையின் குருமடத்தில் பணியாற்றி, அதன் அதிபராகவும் இருந்து, 1848-இல் இறக்கும்வரை கீழ்த்திசைக்குப் புறப்படும் இளங்குருக்களை உருவாக்கும் பணியில் பங்குகொண்டார். நம்பிக்கை தளர்ந்த கையையும் ஆண்டவர் தள்ளிவிடவில்லை.

பவுலின் அம்மையாரோ, தொழிலாளர் நலனுக்கெனத் தொடங்கிய ஆலையில் பொருளிழந்து, கடனாளியாகி, 1862-இல் வறுமையில் மாண்டார். திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது 2022 மே 22-இல். தாம் நட்டது எவ்வளவு பெரிய மரமாகும் என்பதை அவர் கண்ணால் காணவில்லை.

நம் கரையும் இதற்குச் சாட்சி. துபுவா சுவாமி மைசூரில் உழைத்துக்கொண்டிருந்த 1808-இல், அண்டையூரான கோவளத்தில் ஜான் டி மான்ட்டி என்ற வணிகர் கார்மேல் மாதாவுக்குக் கோயில் கட்டினார். இப்பகுதி செங்கல்பட்டு எனத் தனி மறைமாவட்டமாகுமென்று அன்று யார் நினைத்திருப்பர்? அது 2002-இல் நிறைவேறியது.

ஆபிரகாம் வாக்குப் பெற்றது 75 வயதில். ஈசாக்கைக் கையில் ஏந்தியது 100 வயதில். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரும் தடுமாறினார், சாராளும் நகைத்தாள். வாக்களித்தவர் மாறவில்லை. கேட்டதெல்லாம் கேட்டபடி கிடைக்கும் என்று நாம் சொல்லவில்லை. கடல் கொண்டுபோனவர்கள் திரும்பி வரவில்லை. நம்மோடு என்றும் இருப்பதாக ஆண்டவர் சொன்னதையே பற்றிக்கொள்கிறோம்.

நம் குப்பத்தார்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மீன்பாடில்லாத இரவுக்குப் பின்னும் விடியலில் வலையைச் சீர்படுத்துகிறவர்கள் நீங்கள். வலை வீசுவது நம் வேலை; வேளை குறிப்பது அவர் வேலை. இந்த ஜூபிலி ஆண்டில், விடை கிடைக்காத செபம் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் மாலைச் செபமாலை நின்றுபோகாதிருக்கட்டும். நமக்காகவும் ஒரு மணி சொல்லுங்கள்.