சிஸ்டர் போட்ட அப்ளிகேஷன்

நாற்பது வயதில் மனுஷன் என்ன செய்வான்? எல்.ஐ.சி. பாலிசி எப்போது முடிகிறது என்று பார்ப்பான். வீட்டுக் கடனில் எத்தனை தவணை பாக்கி என்று கணக்குப் போடுவான். ஆன் புரூக்ஸ் மருத்துவக் கல்லூரியில் போய்ச் சேர்ந்தார்.

அமெரிக்காக்காரர். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரி. பள்ளிக்கூட டீச்சர். முடக்குவாதத்தால் பல வருஷம் சக்கர நாற்காலியோடு இருந்தவர். ஃப்ளோரிடாவில் ஜான் அப்லெட்ஜர் என்கிற டாக்டர் வைத்தியம் பார்த்து நடக்க வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். நீங்களே டாக்டருக்குப் படிக்கக்கூடாதா என்றும் தூண்டிவிட்டார்.

அப்லெட்ஜர் எம்.டி. இல்லை. டி.ஓ. அதாவது ஆஸ்டியோபதி டாக்டர். நம்மூரில் ஆஸ்டியோபதி என்றால் எலும்பு, தசையைப் பிடித்துவிடுகிற வைத்தியம் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே டி.ஓ. முழு டாக்டர். ஊசி போடலாம், மருந்து எழுதலாம், ஆபரேஷனும் செய்யலாம். கையால் பார்க்கும் வைத்தியம் கூடுதல் பாடம்.

ஆரம்பித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். 1864-ல் மூளைக்காய்ச்சல் இவருடைய மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது. தானே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைய மருந்துகள் மேல் வெறுப்பு வந்துவிட்டது. 1874-ல் தன் புது வைத்தியத்தை அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் கல்லூரி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டார்.

எம்.டி.க்களின் சங்கம் சும்மா இருக்குமா? டி.ஓ.வோடு சேர்ந்து வேலை பார்ப்பதே தொழில் தர்மத்துக்கு விரோதம் என்றது. 1962-ல் கலிஃபோர்னியாவில் நடந்ததுதான் உச்சகட்ட வேடிக்கை. 65 டாலர் கட்டு, டி.ஓ.வைத் தூக்கிப் போட்டுவிட்டு எம்.டி. என்று போட்டுக்கொள் என்றார்கள். சுமார் இரண்டாயிரம் பேர் கட்டினார்கள்! நேற்றுவரை போலி, இன்று ரசீதோடு அசல். பி.காம். படித்த எனக்கே இந்த என்ட்ரியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று புரியவில்லை.

இது ஒரு கதவு. இன்னொரு கதவு ரோமில் இருந்தது. கன்னியாஸ்திரிகள் நோயாளிக்குப் பணிவிடை செய்யலாம். டாக்டராகத் தொழில் செய்ய, முக்கியமாகப் பிரசவம் பார்க்க, திருச்சபைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1920-ல் ஆந்திராவின் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய டாக்டர் மேரி குளோரி, துறவியாகவும் டாக்டராகவும் இருக்கப் போப்பாண்டவரிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பொது அனுமதி வந்தது 1936-ல்.

ஆக, இரண்டு கதவுமே திறந்த பிறகுதான் சிஸ்டர் ஆன் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டியோபதி கல்லூரிக்குப் போனார். 1982-ல் டி.ஓ. மறு வருஷம் மிஸிஸிப்பியில் டட்வைலர் என்ற பரம ஏழை ஊருக்குப் போய், மூடிக் கிடந்த கிளினிக்கைத் திறந்தார். டி.ஓ.க்களுக்கு முழு உரிமை கொடுத்ததில் கடைசி மாநிலம் எது தெரியுமா? அதே மிஸிஸிப்பிதான். 1973-ல்!

2017 வரை அங்கேயே இருந்தார்.

சிஸ்டர் படித்தது அரசாங்கப் பல்கலைக்கழகத்தில். கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆஸ்டியோபதி கல்லூரி வர 2013 ஆயிற்று. இண்டியானாபொலிஸில், பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரிகள் ஆரம்பித்த மரியான் பல்கலைக்கழகம். 2024-ல் பிட்ஸ்பர்க்கின் டுகேனும் சேர்ந்துகொண்டது. விண்ணப்பிக்க நீங்கள் கத்தோலிக்கராக இருக்கவேண்டியதில்லை. எம்கேட் தேர்வு மதிப்பெண் வேண்டும், சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும், ஏன் டாக்டராக ஆசைப்படுகிறாய் என்று கட்டுரை எழுதவேண்டும். மனித மாண்பு, சமாதானமும் நீதியும், ஒப்புரவு, பொறுப்பான பராமரிப்பு. இந்த நான்கும் மரியான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் விழுமியங்கள். கட்டுரையில் இவற்றைச் சேர்த்து எழுத எந்தப் புத்திசாலிப் பையனுக்கும் அரை மணி நேரம் போதும்.

இடிப்பது ஃபீஸ்தான். அமெரிக்காவில் இப்படிப்பட்ட தனியார் கல்லூரிகளில் படிப்புக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் டாலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். நான்கு வருஷம். சிஸ்டர் ஆனுக்குக் குடும்பம் இல்லை, சொத்து சேர்க்கும் ஆசை இல்லை, வறுமை விரதம் எடுத்தவர். இரண்டு லட்சம் டாலர் கடனோடு வெளியே வரும் இருபத்தாறு வயதுப் பையன் அடுத்த டட்வைலருக்குப் போவானா, அல்லது தவணை கட்ட வசதியாகப் பெரிய ஊர் ஆஸ்பத்திரியைத் தேடுவானா? அதை எந்த அப்ளிகேஷன் கட்டுரையிலும் கண்டுபிடிக்க முடியாது.