அர்புதமும் சார்கோமாவும்: ஒரு மார்பகக் கட்டியின் பெயர் வரலாறு

கொழிஞ்சாம்பாறையிலும் தேவிகுளத்திலும் இருமொழி வழக்கைப் பதிவு செய்யும்போது, மருத்துவச் சொற்களே என்னை மிகுதியும் நிறுத்தி வைத்தன. மார்பில் தட்டுப்படும் உருண்டையைத் தமிழ்ப் பெண்கள் 'கட்டி' என்பர். மலையாளத்தில் அது 'முழ'. புற்றுநோய்க்கோ மலையாள நாளேடுகள் வழங்கும் சொல் 'அர்புதம்'. தமிழ்க் காதில் அது 'அற்புதம்' என்றே விழுகிறது!

இச்சொல் தொடக்கத்தில் புற்றுநோயை மட்டும் குறிக்கவில்லை. சுஸ்ருத சம்ஹிதையில் அர்புதம் என்பது மெல்ல வளரும், எளிதில் சீழ் கட்டாத சதைத்திரள். அதன் ஆறு வகைகளுள் குருதியிலும் மாமிசத்திலும் எழுபவை தீராதவை. ஏனைய நான்கிற்கும் மருத்துவம் உண்டு. பிற்கால வழக்கு தீயதை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியதைக் கைவிட்டது. மொழியியலார் இதைப் பொருட்குறுக்கம் என்பர்.

ஐரோப்பாவிலும் இதுவே நேர்ந்தது. 1838இல் பெர்லின் பேராசிரியர் யோகான்னஸ் முல்லர், வெட்டுமுகத்தில் இலைமடிப்புகள் போலத் தோன்றிய அரிய மார்பகக் கட்டி ஒன்றுக்குச் 'சிஸ்டோசார்கோமா பைலோடிஸ்' எனப் பெயரிட்டார். கிரேக்கத்தில் 'சார்க்ஸ்' என்றால் சதை, 'பைலோன்' என்றால் இலை. சதைப்பற்றுள்ளது என்பதற்கு மேல் அவர் எதையும் கருதவில்லை. அதைத் தீங்கற்றதாகவே எண்ணினார். பின்னர் 'சார்கோமா' கொடிய புற்றின் பெயராக இறுகிவிட்டது. இக்கட்டிகளுள் சில உண்மையிலேயே பரவக்கூடியவை என்பதும் இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. முழு மார்பகத்தையும் அகற்றுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தமைக்கு அந்த அச்சத்தோடு பெயருக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. 60க்கும் மேற்பட்ட பெயர்கள் உலவிய பின், 1981இல் உலக சுகாதார நிறுவனம் 'பைலோடிஸ் கட்டி' என்பதை ஏற்று, தீங்கற்றது, இடைநிலை, புற்று என மூன்றாகப் பகுத்தது.

மார்பகக் கட்டிகளுள் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரும்பாலும் நாற்பதுகளில், வலியின்றி, விரைந்து பெருக்கும். இளம்பெண்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஃபைப்ரோஅடினோமாவிலிருந்து இதை ஸ்கேனிலோ மெல்லூசியால் உறிஞ்சிய உயிரணுக்களிலோ பிரித்தறிவது கடினம். தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுத்துப் பார்த்தால் ஓரளவு தெளியும், முழுக் கட்டியையும் ஆய்ந்த பின்னரே வகை உறுதியாகும். சுற்றிலும் 1 செ.மீ. நல்ல திசுவோடு அகற்றுவது பழைய நெறி. தீங்கற்ற வகைக்கு அதைவிடக் குறைந்த விளிம்பும் போதும் என்பதே இன்றைய போக்கு. அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுக்கும் தேவை பொதுவாக இல்லை.

ஆயினும் 'தீங்கற்ற' என்ற நம் சொல்லும் குறையுடையதே. அவ்வகையும் அதே இடத்தில் மீண்டும் முளைக்கக்கூடும். பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள். ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பும் எஸ்டேட் தொழிலாளி, அடுத்த பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்குவாரா? கோட்டயத்தில் அறுவை செய்துகொண்டவர் மறுமுறை தேனிக்குச் செல்லக்கூடும். அப்போது அவர் கையில் அந்தத் திசு ஆய்வறிக்கை இருக்க வேண்டும்.