ஓர் ஊரில் இரு பேராயர்

1866-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் குடியேற்ற நாட்டுத் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், தூய பேதுரு பேராலயத்தில், டீன் பதவி வகித்த ஜேம்ஸ் கிரீன் ஒரு தீர்ப்பைப் படிக்கிறார். அந்த ஆலயத்திற்குரிய பேராயரையே சபையினின்றும் விலக்கும் தீர்ப்பு அது! விலக்கப்பட்டவர் ஊரை விட்டு ஓடினாரா? இல்லை. அதே ஆலயத்தில், அதே இருக்கையில், சட்டத்தின் துணையோடு அமர்ந்திருந்தார். விலக்கியவர்களே வெளியேற நேர்ந்தது. ஆலயமின்றி, அரசின் ஆதரவின்றி, தமக்கென ஒரு பேராயருமின்றி நின்ற அந்த வைதிகக் கூட்டம் எவ்வாறு பிழைத்தது என்பதே இங்குக் கூறப்புகும் செய்தி.

வைதிகத்தின் கதையை இந்த ஏட்டிலா எழுதுவது என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கலாம். நாம் யார் பக்கம் என்பது ஊரறிந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் நிற்பவன் எதனை இழந்து நின்றான் என்பதை அறியாதவன், தன் பக்கத்தையும் முழுதும் அறிந்தவனாகான்.

விலக்கப்பட்ட பேராயரின் பெயர் ஜான் வில்லியம் கொலென்சோ. கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். ஹாரோ பள்ளியில் ஆசிரியராயிருந்தவர். அவர் எழுதிய கணக்குப் புத்தகங்களை இங்கிலாந்துப் பள்ளிப்பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு மேல் படித்தனர். 1853-இல் நேட்டாலின் முதற் பேராயராக அமர்த்தப்பட்டார். சூலு மொழியைக் கற்றார். அதற்கு இலக்கணம் எழுதினார். 1861-இல் அகராதி வெளியிட்டார். பல மனைவியருள்ள சூலு ஒருவன் கிறித்தவனாக விரும்பினால், முதல் மனைவி தவிர மற்றவரைத் துரத்திவிட்டு வரவேண்டும் என்று பாதிரிமார் வற்புறுத்திய காலம் அது. துரத்தப்பட்ட பெண்ணும் அவள் பிள்ளைகளும் எங்கே போவார்கள் என்று கேட்டவர் கொலென்சோ.

கேள்வி கேட்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் விடாது. மறைநூலைச் சூலு மொழியில் பெயர்த்தபோது, உடனிருந்து உதவிய சூலு ஒருவர் ஊழிவெள்ளக் கதை முழுதும் உண்மையில் நடந்ததுதானா என்று கேட்டார். குருவின் உடையில் இருந்துகொண்டு பொய் சொல்லக் கொலென்சோவின் உள்ளம் இசையவில்லை. கணக்கு ஆசிரியரல்லவா? மோசேயின் ஐந்து நூல்களையும் எடுத்துக் கணக்குப் போட்டார். பாலைவனத்தில் போர்வீரர் மட்டும் 6 இலட்சம் என்றால் மக்கள் 20 இலட்சத்துக்கு மேல். நாளொன்றுக்குப் பிறக்கும் குழந்தைகள் 264. பிறப்புத்தோறும் ஒரு புறா பலி. பலிப்புறாவை உண்ணக் கடமைப்பட்ட குருமார் மூவரே. அப்படியானால் ஒரு குரு நாள்தோறும் 88 புறா உண்டாக வேண்டும்! 1862-இல் இந்தக் கணக்கு நூலாக வெளிவந்தது. வகுப்பறையில் கரும்பலகை முன் நிற்கும் எனக்கு அந்தப் பக்கங்கள் மிகவும் பிடிக்கும். விடையைச் சரிபார்க்காமல் பக்கத்தைப் புரட்டாத ஆசிரியரின் கை அதில் தெரிகிறது.

இங்கிலாந்து கொதித்தது. அந்நாட்டுத் திருச்சபை அரசின் திருச்சபை. அதன் தலைமை முடியரசுக்கு உரியது. உள்ளே பல கட்சிகள். சடங்கையும் குருமாரின் மரபையும் போற்றும் உயர் சபைக் கட்சி ஒன்று. நூலையே நம்பும் நற்செய்திக் கட்சி மற்றொன்று. ஆராய்ச்சிக்கு இடம் தரும் பரந்த சபைக் கட்சி மூன்றாவது. ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த முதல் இரண்டும் இப்போது கைகோத்தன. மறைநூல் முழுதும் இறைவாக்கே, நரகத் தண்டனை முடிவற்றதே என்று 1864-இல் வெளியான அறிக்கையில் ஏறத்தாழ 11,000 குருமார் கையெழுத்திட்டனர்.

கேப்டவுனில் இருந்த தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே உயர் சபைக் கட்சியினர், கண்டிப்பானவர், தம் கொள்கையில் நேர்மையானவர். 1863-இன் இறுதியில் ஒன்பது குற்றச்சாட்டுகளின் மேல் விசாரணை நடத்திக் கொலென்சோவைப் பதவி நீக்கினார். கொலென்சோ நேரில் வரவில்லை. மொழியறிஞர் பிளீக் அவர் சார்பில் மறுப்பைப் படித்தார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1865-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் நரகத்தையும் புறாவையும் தொடவேயில்லை. சொந்தச் சட்டமன்றம் உடைய குடியேற்ற நாட்டில், அரச சாசனம் ஒன்றைக் கொண்டு ஒரு பேராயர் மற்றொரு பேராயரைத் தண்டிக்கும் அதிகாரம் பெற முடியாது என்றனர். கிரேயின் தீர்ப்பு செல்லாக்காசு ஆயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் கொலென்சோ நேட்டால் திரும்பினார். குருமாரில் பெரும்பாலோர் கிரீனின் பக்கம். வெள்ளைக் குடியேறிகளில் பலர் கொலென்சோவின் பக்கம். ஆனால் அவர்கள் புறாக் கணக்கைக் கண்டு மயங்கியவர் அல்லர். கிரேயின் குருத்துவ ஆதிக்கத்தை வெறுத்தவர். இது பின்னால் விளங்கும். ஆலயங்களும் நிலங்களும் யாருக்கு என்ற வழக்கில் நேட்டால் நீதிமன்றம் கொலென்சோவுக்கே உரிமை என்றது. அவருடைய ஊதியத்தை நிறுத்திய நிதிப் பொறுப்பாளர்மேல் அவர் தொடுத்த வழக்கிலும், 1866-இல் அவரே வென்றார். அந்தப் பொறுப்பாளர்களில் ஒருவர் கிளாட்ஸ்டன்!

வைதிகருக்கு எஞ்சியது என்ன? அவர்களுடைய வாதத்தை நேர்மையாக எடுத்துரைக்கவேண்டும். நூலைக் காப்பேன் என்று உறுதிமொழி தந்து பதவி ஏற்றவர் நூலை வரலாறு அன்று என்கிறார். நூலை நம்பும் நாங்கள் அவர் கையால் எவ்வாறு திருவிருந்து பெறுவோம்? மனச்சான்று அவருக்கு மட்டும்தானா? இந்தக் கேள்வியை எளிதில் தள்ள முடியாது. அவர்கள் கட்டடத்தை இழந்தார்கள்; ஆனால் மண்டியிட்டு மீள வரவில்லை. அதே ஊரில் தூய இரட்சகர் ஆலயம் என்று வேறொன்று எழுப்பினார்கள்.

துணை கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. உயர் சபைக் கட்சியினர் பணம் திரட்டினர். நம் தஞ்சையிலும் திருநெல்வேலியிலும் பள்ளிகளும் ஆலயங்களும் நடத்திய அதே எஸ்.பி.ஜி. சங்கம், கொலென்சோவைக் கைவிட்டு அவர்கள் பக்கம் சாய்ந்தது. சாமுவேல் ஸ்டோன் என்ற இளங்குரு இந்தப் பிளவை எண்ணி 1866-இல் பாடல் ஒன்று எழுதினார்; சபையின் அடித்தளம் கிறித்துவே என்பது அதன் பொருள். தமிழாக்கத்தில் அதனைப் பாடும் நம் ஊர்க் கிறித்தவரில் எத்தனை பேர் அறிவர், அதன் பின்னே ஒரு கணக்கு வாத்தியார் நிற்பதை? 1867-இல் இலண்டன் இலாம்பெத் அரண்மனையில் உலகெங்குமிருந்து 76 பேராயர் கூடினர். அத்தகைய மாநாடு அதுவே முதல். அதனைக் கூட்டிய காரணங்களில் கொலென்சோ விவகாரமும் ஒன்று. அவருக்கு அழைப்பில்லை.

எனினும் பேராயர் இல்லாமல் ஆங்கிலிக்கன் சபை நடவாது. மாக்ரோரி என்பவரைத் தேர்ந்தெடுத்தனர். அவரை இங்கிலாந்தில் திருநிலைப்படுத்த அரசு இசையவில்லை. 1869 சனவரியில் கேப்டவுனில் அது நடந்தது. ‘நேட்டால் பேராயர்’ என்ற பெயர் சட்டப்படி கொலென்சோவுடையது. ஆகவே இவர் ‘மாரிட்ஸ்பர்க் பேராயர்’ எனப்பட்டார். ஓர் ஊர், இரு பேராலயம், இரு பேராயர். மறுஆண்டு தென்னாப்பிரிக்க மாகாணச் சபை தன் அமைப்புச் சட்டத்தைத் தானே வகுத்துக்கொண்டது. அரச சாசனத்தை நம்பி ஆட்சி செய்ய வந்த கிரே, அரசின் கை படாத சபை ஒன்றை நிறுவியவராக முடிந்தார்.

கிரே செய்தவற்றில் எனக்கு உடன்பாடில்லாதது விசாரணை மன்றம் ஒன்றே. ஒருவன் வாயை அடைக்க முயன்றது அது. தன் நம்பிக்கைக்குத் தன் காசில் கூரை போட்டுக்கொள்ளும் உரிமையோ வைதிகனுக்கும் உண்டு. அதனை மறுப்பவன் பகுத்தறிவாளன் ஆகான். கொலென்சோவைக் காத்த சட்டமும் கிரீனைத் தடுக்கவில்லை.

இனி, குடியேறிகளின் கதை. 1873-இல் லூபிக் குடித்தலைவர் லங்கலிபலேலே, தம் இளைஞர் வைத்திருந்த துப்பாக்கிகளைப் பதிவு செய்யவில்லை என்று அரசு படை அனுப்பியது. அவர் குடி சிதறடிக்கப்பட்டது. அவர் ரோபன் தீவில் அடைக்கப்பட்டார். விசாரணை அநீதி என்று எழுந்தவர் கொலென்சோ. நெடுநாள் நண்பர் ஷெப்ஸ்டனையும் அதற்காக இழந்தார். 1874-இல் இலண்டன் சென்று வாதாடினார். ஆளுநர் பைன் திரும்ப அழைக்கப்பட்டார். நூலை மறுத்தபோது உடனிருந்த வெள்ளையர், கறுப்பனுக்காகப் பேசியதும் ஆலயத்தைக் காலி செய்தனர். 1879 சனவரியில் இசாண்டில்வானாவில் ஆங்கிலப் படை அழிந்தது. பழி வாங்கு, பழி வாங்கு என்று ஊர் கூவியபோது, மார்ச்சுத் திங்களில், சூலுக்கள்மேல் நாம் தொடுத்த போர் நீதியற்றது என்று பிரசங்க மேடையிலேயே கூறினார். சூலுக்கள் அவரைச் சோபாந்து என்றனர். மக்களின் தந்தை என்பது பொருள்.

1883-இல் அவர் மறைந்தார்; தூய பேதுரு ஆலயப் பீடத்தின் முன் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பக்கத்தார் ஜார்ஜ் காக்சைப் பேராயராகத் தேர்ந்தனர். காண்டர்பரி அவரைத் திருநிலைப்படுத்த மறுத்தது. மாக்ரோரி 1891-இல் விலகினார். 1893-இல் பெய்ன்ஸ் நேட்டால் பேராயராக வந்தபின் பெரும்பாலோர் ஒன்றாயினர். மாகாணச் சபையில் சேராது தனித்து நின்ற சிலரின் வழிவந்தோர் 1938-இல் தனிச் சபையாக அமைந்தனர். மறைநூலின் எழுத்தை இறுகப் பற்றும் நற்செய்திச் சபை அது. கொலென்சோ இன்று உயிர்பெற்று வந்தால் அங்கே பிரசங்கிக்க விடமாட்டார்கள். வைதிகர் கட்டிக் காத்த மாகாணச் சபையிலோ, கிரே அமர்ந்திருந்த கேப்டவுன் இருக்கையில், 1986-இல் டெஸ்மண்ட் டூட்டு என்னும் கறுப்பர் அமர்ந்தார்.