நிகழ்வுவழி நிரலாக்கம்: தமிழ்நாட்டு மேசைக்கணினிகளில்

நிகழ்வுவழி நிரலாக்கம் என்பது, நிரல் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடியாமல், பயன்படுத்துபவர் ஏதேனும் செய்யும்வரை காத்திருந்து, அந்தச் செயலுக்கென்று எழுதிவைத்த பகுதியை மட்டும் இயக்கும் முறை. சுட்டியைச் சொடுக்குவது, விசையை அழுத்துவது, சாளரத்தை மூடுவது ஆகியவை நிகழ்வுகள். ஒவ்வொன்றுக்கும் பதில் செய்யும் சிறு நிரல்பகுதி கையாளி எனப்படும். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம் அடங்கிய காவிரிப் படுகையில் 1990-களின் பிற்பகுதியில் கணினி கற்ற தலைமுறைக்கு இந்த முறை விஷுவல் பேசிக் வழியாகவே அறிமுகமாயிற்று.

இதன் தோற்றம் அமெரிக்காவில். இவான் சதர்லாந்து 1963-இல் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், திரையில் ஒளிப்பேனாவால் வரைய விட்டது. சாளரமும் சுட்டியும் கொண்ட ஆல்டோ கணினியை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகம் 1973-இல் இயக்கிக் காட்டியது. மேக்கின்டோஷ் 1984-இலும் முதல் விண்டோஸ் 1985-இலும் சந்தைக்கு வந்தன. ஆனால் விண்டோஸுக்கு நிரல் எழுதச் சி மொழியில் தேர்ச்சி வேண்டும். வெறும் சாளரம் ஒன்றைத் திறக்கவே பல பத்து வரிகள் எழுத வேண்டியிருந்தது. சார்லஸ் பெட்சோல்ட் 1988-இல் வெளியிட்ட கனமான நூல்தான் பலருக்கும் ஆசான். அந்தச் சுமையை இறக்கியது 1991 மே மாதம் வெளியான விஷுவல் பேசிக் (வி.பி.). ஆலன் கூப்பர் உருவாக்கி மைக்ரோசாஃப்டுக்கு விற்ற படிவ வடிவமைப்புக் கருவியைப் பேசிக் மொழியோடு சேர்த்துப் பிறந்தது அது. பொத்தானை இழுத்து வை, அதை இருமுறை சொடுக்கு, நடக்க வேண்டியதை எழுது. சி மொழிக்காரர்கள் பலர் இதை விளையாட்டுப் பொருளாகக் கருதினர்; அந்தக் கணிப்பு தவறென்பதைப் பிற்பாடு வந்த ஆண்டுகள் காட்டின.

படுகையில் இது பரவிய வழி எளியது. தட்டச்சு இன்ஸ்டிட்யூட்டுகள் பல கணினி மையங்களாக மாறின. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் (1982) கீழிருந்த கலை அறிவியல் கல்லூரிகளில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்கள் இதை ஆய்வகத்தில் பயின்றனர். இறுதியாண்டு ப்ராஜெக்டில் “ஃப்ரண்ட் எண்ட் வி.பி., பேக் எண்ட் அக்சஸ்” என்றோ “ஆரக்கிள்” என்றோ எழுதுவது வழக்கமாயிற்று. நூலகம், சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு என்று தலைப்புகள் திரும்பத் திரும்ப வந்தாலும், மேலிருந்து கீழாக ஓடும் நிரலை மட்டுமே அறிந்த மாணவருக்கு அங்கே உண்மையான திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. அடுத்து எது நடக்கும் என்பதை இனி அவர் தீர்மானிப்பதில்லை. எதிரே அமர்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார்.

இந்தத் திருப்பத்தின் சிக்கலைப் படுகையின் நில அளவைக் கொண்டே விளக்கலாம். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு, கணக்குக்கு மூன்று வேலி 20 ஏக்கர். ஏக்கருக்கு ஒரு பெட்டி, வேலிக்கு ஒரு பெட்டி வைத்து, எதில் எண் மாறினாலும் மற்றது தானே மாற வேண்டும் என்று ஒரு படிவம் அமைப்போம். இரண்டு பெட்டிக்கும் சேஞ்ச் நிகழ்வில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கும் கணக்கை எழுதுகிறோம். ஏக்கரில் 2.5 என்று தட்டினால் வேலியில் 0.38 வருகிறது. வேலிப் பெட்டி மாறியதும் ஒரு நிகழ்வுதானே? அதன் கையாளி ஓடி, ஏக்கரை 2.53 ஆக்கிவிடுகிறது. தட்டிய எண் கண்ணெதிரே மாறுகிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. நிரல் செய்யும் மாற்றமும் மனிதர் செய்யும் மாற்றமும் கணினிக்கு ஒன்றுதான் என்பதைத் தொடக்கநிலை மாணவர் கற்கும் இடம் இது. ஒரு பெட்டியின் கையாளி அதே பெட்டியை ஒவ்வொரு முறையும் மாற்றினால் நிலை இன்னும் மோசம்: அழைப்புக்குள் அழைப்பாக அடுக்கி, நினைவக அடுக்கு தீர்ந்து பிழை எண் 28 வரும். கணக்கை, பெட்டியை விட்டு நீங்கும்போது எழும் லாஸ்ட்ஃபோக்கஸ் நிகழ்வுக்கு மாற்றுவதோ, “இப்போது நான்தான் மாற்றுகிறேன்” என்று ஒரு கொடி மாறியில் குறித்துவைப்பதோ மாற்று வழி.

உள்ளே நடப்பது செய்தி வரிசை. விண்டோஸ் ஒவ்வொரு சொடுக்கையும் விசையையும் செய்தியாக்கி வரிசையில் இடும். நிரல் ஒவ்வொன்றாக எடுத்துக் கையாளியிடம் தரும். ஒரே வாய்க்காலில் தலைமடைக்காரர் மடையை அடைக்காமல் விட்டால் கடைமடை காய்வதுபோல, ஒரு கையாளி நீண்ட கணக்கில் இறங்கினால் பின்னுள்ள செய்திகள் தேங்கி, சாளரம் உறைந்துபோகும். விண்டோஸ் 3.1-இல் அது மற்ற நிரல்களையும் சேர்த்து முடக்கியது. வி.பி.யில் டூஈவென்ட்ஸ் என்ற கட்டளையை நடுவே இட்டு வரிசைக்கு வழிவிடுவர். எளிய மருந்துதான், ஆனால் கணக்கு முடியுமுன் அதே பொத்தானை மீண்டும் அழுத்தவும் அது இடங்கொடுத்துவிடும்.

தமிழுக்கு வரும்போது பொருள் ஆழமாகிறது. ஆங்கிலத்தில் ஒரு விசை ஓர் எழுத்து. தமிழில் விசையின் பலன் முன்னால் அழுத்திய விசையைப் பொறுத்தது. ஆகவே கையாளி நினைவு வைத்திருக்க வேண்டும். 1999 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சென்னையில் நடத்திய தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் இடப்புறம் உயிர், வலப்புறம் மெய். ‘தஞ்சாவூர்’ என்று எழுத த, ஞ, ச, ஆ, வ, ஊ, ர, புள்ளி என 8 அழுத்தங்கள். ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்ததும் புள்ளி தானே விழும். கிடைப்பவை 5 எழுத்துகள். யூனிகோடில் சேமித்தால் 9 குறியீடுகள். மூன்று எண்ணும் மூன்று விதம். இந்த இடைவெளியை நிரப்பும் விதிகளைத்தான் தமிழ் மென்பொருள் எழுதியோர் கையாளிக்குள் வைத்தார்கள்.

வி.பி.யின் கீபிரஸ் நிகழ்வு அதற்கு வாகாக இருந்தது. அது தரும் கீஆஸ்கி எண்ணை மாற்றினால் வேறெழுத்து விழும். சுழியம் ஆக்கினால் விசை விழுங்கப்படும். அன்றைய டாப், திஸ்கி குறியேற்றங்களில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்டது. ஆகவே ககரத்துக்குப் பின் எகரம் அழுத்தினால், விழுந்த ககரத்தை அழித்து, கொம்பிட்டு, மீண்டும் ககரம் இட வேண்டும். தட்டச்சுப் பொறியில் கொம்பையே முதலில் அடித்துப் பழகியவர்களுக்கோ பழைய வரிசைதான் கைவந்தது. அவர்களுக்காகப் பல மென்பொருள்கள் அந்த விசைப்பலகையையும் தாங்கின.

பழைய விஷுவல் பேசிக் வரிசையின் கடைசிப் பதிப்பான 6 (1998), உள்ளுக்குள் சரங்களை யூனிகோடாக வைத்திருந்தும், அதன் பெட்டிகள் பழைய எட்டுபிட்டுக் குறிப்பக்கத்தையே நம்பின. தமிழுக்கு விண்டோஸில் அப்படியொரு குறிப்பக்கம் இல்லை. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழைத் தாங்கியபிறகும், வி.பி. பெட்டிகளில் யூனிகோடுத் தமிழ் கேள்விக்குறிகளாகவே விழுந்தது. 2002-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டாட்நெட் படிவங்கள்தான் இதைத் தீர்த்தன. என் கருத்தில், தமிழில் படிவ நிரல்கள் தாமதமாக வளர்ந்ததற்கு ஆர்வக் குறைவைவிட இதுவே பெரிய காரணம்.

இதற்கிடையே விசை நிகழ்வைத் தனித்தனி நிரல்களிடமிருந்து பிரித்து, கணினி முழுவதற்கும் பொதுவாகப் பிடிக்கும் கருவிகள் வந்தன. முகுந்தராஜின் முயற்சியில் தமிழா குழு வெளியிட்ட இ-கலப்பை, தொடக்கத்தில் கீமேன் என்ற மென்பொருளின் மேல் அமைந்தது; பின்னர் திறமூலமாயிற்று. நாகப்பட்டினத்தில் வளர்ந்த பத்ரி சேஷாத்ரியின் நியூ ஹொரைசன் மீடியா, என்.எச்.எம். ரைட்டரை இலவசமாகத் தந்தது. இவற்றால் எந்தப் பெட்டியிலும் தமிழ் எழுத முடிந்தது. படிவம் எழுதுபவர் ஒவ்வொருவரும் உயிரும் மெய்யும் சேரும் விதியை நிரலாக்க வேண்டிய தேவை ஒழிந்தது.

பாடம் இப்போது பைத்தானின் டிகேஇன்டர், உலாவியின் ஜாவாஸ்கிரிப்ட், ஆண்ட்ராய்டு செயலி என்று இடம்பெயர்ந்துவிட்டது. 2018-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட உழவன் செயலியும் தொடுதல் நிகழ்வில் இயங்குவதுதான். விஷுவல் பேசிக் 6-இன் உருவாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இல் நிறுத்தியது. ஆனால் அதில் எழுதிய நிரல்களை இயக்கும் கோப்புகளை இன்றைய விண்டோஸிலும் தொடர்ந்து தாங்குகிறது. ஆகவே பழைய பில் நிரல்கள் இன்றும் ஓடும். அவற்றின் தரவுத்தளங்களில் டாப், திஸ்கி எழுத்தில் உறைந்திருக்கும் பெயர்களையும் ஊர்களையும் யூனிகோடுக்கு மாற்றும் வேலைதான் மிச்சம். அதற்கு முதலில் கொம்புகளை மெய்யின் பின்னால் நகர்த்த வேண்டும்.