கேலிக் மொழிகளில் உணவுச் சொற்கள்: வரலாறும் இலக்கணமும்

ஐரிஷ், ஸ்காட்டியக் கேலிக், மாங்ஸ் ஆகிய மூன்றும் பழைய ஐரிஷ் மொழியிலிருந்து கிளைத்தவை. உணவைக் குறிக்க இம்மூன்றிலும் வழங்குவது ஒரே சொல்லின் வடிவங்களே. ஐரிஷில் அது 'பியா'. 'வாழ்தல்' எனும் பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இச்சொல் பிறந்தது. இலத்தீன் 'வீட்டா', வடமொழி 'ஜீவ' ஆகியனவும் அவ்வேரின் கிளைகளே. வாழ்வைக் குறிக்கும் ஐரிஷ்ச் சொல்லான 'பஹா'வும் இக்குடும்பத்ததே. 'இஷ்கெ பஹா', அதாவது 'வாழ்வின் நீர்', என்னும் தொடரே சுருங்கி ஆங்கிலத்தில் 'விஸ்கி' ஆயிற்று. அத்தொடரும் இலத்தீனில் வழங்கிய 'அக்வா வீட்டே' என்பதன் மொழிபெயர்ப்பாகும். ஸ்காட்லாந்து அரசின் 1494ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் இவ்விலத்தீன் தொடர் இடம்பெறுகின்றது.

தொன்மையான சொற்கள் பல பாலையும் மீனையும் சார்ந்தவை. மீனைக் குறிக்கும் 'இயஸ்க்', இலத்தீன் 'பிஸ்கிஸ்' என்பதோடு உறவுடையது. கெல்திக் மொழிகள் மூலமொழியின் பகர ஒலியை இழந்தமையால் முதலெழுத்து மறைந்தது. பாலைக் குறிக்கும் 'பன்யா'வின் முற்பொருள் 'துளி' என்பதாகும். பால்படு பொருள்கள் அனைத்தையும் அயர்லாந்தினர் 'வெள்ளுணவு' எனும் பொருளில் ஒரே தொகைச்சொல்லால் வழங்கினர். ஆவே செல்வமாக இருந்த குமுகாயம் அது. 'மக் கன்கிளின்னயின் கனவு' எனும் இடைக்கால எள்ளல் கதையில் பாலேரியும் வெண்ணெய்ப் பாலமும் தோன்றுவதில் வியப்பில்லை. உணவுச் சொற்களை ஆராய்வோர்க்கு அகராதிகளைவிட இக்கதை சுவையான ஊற்று என்பது நம் கருத்து.

கடன்சொற்கள் வரலாற்றைத் தெளிவாகவே காட்டுகின்றன. 'ஃபீன்' (திராட்சை மது), 'காஷ்' (பாலாடைக்கட்டி) ஆகியவை இலத்தீன் வழிவந்தவை. அவரையினத்தைக் குறிக்கும் 'போனரா', வைக்கிங்குகளின் நோர்சு மொழி தந்த கொடை. இஞ்சியைக் குறிக்கும் 'ஷின்ஷேர்' நமக்கு நெருக்கமானது. ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன், கிரேக்கம் எனப் பின்னோக்கிச் சென்றால் பாலி மொழியின் 'சிங்கிவேர'வை அடைகிறோம். அதன் மூலம் திராவிட 'இஞ்சிவேர்' என்பது அறிஞர் பலர் ஏற்ற முடிபு.

இவ்வொரு சான்றைக் கொண்டு இரு மொழிக் குடும்பங்களுக்கும் பிறப்புறவு கற்பித்தல் தகாது. ரொட்டியாகிய 'அரான்' என்பதை நம் அரிசியோடு முடிச்சிடத் துணிவோர்க்கும் இது பொருந்தும். வணிகத்தில் பயணம் செய்த சொல் வேறு. ஒரு வேரில் கிளைத்த சொல் வேறு.

எனினும் இலக்கண அமைப்பில் காணப்படும் ஒப்புமைகள் எண்ணத்தக்கவை. கேலிக் மொழிகளில் 'உடைமை' குறிக்கும் தனி வினை இல்லை. 'தா அரான் அகம்' என்பது 'என்னிடம் ரொட்டி இருக்கிறது' என்னும் நம் அமைப்பையே ஒத்தது. பசி வந்தால் 'பசி என்மேல் இருக்கிறது' என்பர். நாம் 'எனக்குப் பசிக்கிறது' என நான்காம் வேற்றுமையில் கூறுகிறோம். இரண்டிலும் பசிப்பவர் எழுவாயாக நிற்பதில்லை. பசி அவரை வந்தடைகிறது. இறைச்சிப் பெயர்களும் அவ்வாறே. ஆங்கிலத்தில் பன்றிக்கு ஒரு பெயரும் அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சு வழிவந்த வேறொரு பெயரும் உள்ளன. ஐரிஷிலோ பன்றி 'முக்', இறைச்சி 'ஃபியோல்', பன்றியிறைச்சி 'மிக்யோல்'. தமிழ்த் தொகைநிலைக்கு இது புதிதன்று.

முதலெழுத்துத் திரிபு இன்னும் நுட்பமானது. 'பியா' உணவு, 'மொ வியா' என் உணவு, 'ஆர் மியா' எங்கள் உணவு. முற்காலத்தில் முன்நின்ற சொல்லின் ஈற்றுயிர் அடுத்துவந்த மெய்யை மென்மையாக்கியது. ஈற்று மூக்கொலி அதனை மெல்லினமாக்கியது. இது நம் புணர்ச்சி போன்றதே. பின்னர் அவ்வீறுகள் தேய்ந்து மறைந்தன. திரிபு மட்டும் எஞ்சி, இலக்கணப் பொருளைத் தாங்கலாயிற்று. தமிழில் புணர்ச்சி பெரிதும் ஒலி நிகழ்வாகவே நிற்க, அங்கு அது இலக்கண உறுப்பாகிவிட்டது.

இனி உருளைக்கிழங்கு. ஐரிஷில் 'பிராத்தா', ஸ்காட்டியக் கேலிக்கில் 'புந்தாத்தா'. 'புன்' என்றால் அடி அல்லது வேர். அயற்சொல்லுக்குள் தம் சொல்லொன்றைக் கேட்ட மக்களின் செவி இவ்வடிவத்திற் புலப்படுகின்றது. அயர்லாந்தின் ஏழை உழவர் இக்கிழங்கையே முழுமையாக நம்பியிருந்தனர். 1845இல் பயிரில் பூசண நோய் பரவிற்று. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் புலம்பெயர்ந்தனர். மிகக் கடுமையாகத் தாக்குண்டவை ஐரிஷ் பேசிய மேற்கு, தெற்குப் பகுதிகளே. மொழி குறித்து முதன்முறையாக வினவிய 1851ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, ஐரிஷ் பேசுவோர் மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்கினும் குறைவு எனக் காட்டியது. பஞ்சத்தின் நூற்றாண்டையொட்டி 1945இல் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் வினாநிரல் அனுப்பி முதியோரின் நினைவுகளைத் திரட்டிற்று. வரலாற்று நூல்கள் 'பெரும்பசி' என்றெழுதும் அக்காலத்தை ஐரிஷ் பேசும் மக்கள் 'ட்ரொக்ஹீல்' என்றே வழங்கினர். 'கெட்ட வாழ்வு' என்பது அதன் பொருள். பசி என்ற சொல் அதில் இல்லை.