ஓட்டு அச்சும் ஒரு குயவரும்

எங்கட பக்கம் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போது இறக்கி அடுக்கி வைக்கிற ஓடுகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கோ. சிலதில் மங்களூர், கள்ளிக்கோட்டை என்று ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். கப்பல் ஏறி வந்த ஓடு அது. குயவரின் கதையை நான் அந்த ஓட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கு.

அதுக்கு முந்தி ஓடு செய்ததும் குயவர்தான். சக்கரத்தில் குழாய் மாதிரி மண்ணை எழுப்பி, அரைக் காய்ச்சலில் நெடுக்காக அறுத்தால் இரண்டு நாட்டு ஓடு. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மன்காரர் கெயோர்க் பிளெப்ஸ்ட் மங்களூரில், நேத்திராவதி ஆற்று மண்ணை வைத்து ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார். அச்சில் வைத்து அழுத்தினால் எல்லா ஓடும் ஒரே அளவு, ஒன்றோடு ஒன்று கொளுவிக்கொள்ளும். இலங்கை, பர்மா, கிழக்கு ஆபிரிக்கா வரைக்கும் போனது. பிறகு எங்கட கரையோரத்திலேயே, வாய்க்கால், தங்கொட்டுவைப் பக்கம், ஓட்டுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன.

ஆக, அச்சு வந்து குயவரிடமிருந்து கூரையைப் பறித்தது. அடுக்களை மிச்சமிருந்தது. அதையும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் எடுத்துக்கொண்டன. இப்ப எங்கள் வீட்டில் புதுப் பானை வாங்குவது தைப்பொங்கலுக்கு மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு பானை விற்று யார் பிழைக்க முடியும்?

பறித்த அதே அச்சைத் திருப்பி எடுத்த ஒரு குயவர் இருக்கிறார். குஜராத்தின் மன்சுக்பாய் பிரஜாபதி. அங்கே குயவர்கள் வைத்துக்கொள்ளும் பெயர் பிரஜாபதி, படைப்புக் கடவுளின் பெயர். பெயர் பெரிசு, வருமானம்தான் சின்னன். 1979 ஆகஸ்ட் 11இல் மச்சு அணை உடைந்து மோர்பி நகரத்தையே வெள்ளம் அள்ளியது. எல்லாம் இழந்த அவருடைய குடும்பம் வாங்கானேருக்குக் குடிபெயர்ந்தது. பத்தாம் வகுப்பில் பெயில். தேத்தண்ணி விற்றார். பிறகு வேலைக்குப் போன இடம் எது தெரியுமா? ஒரு ஓட்டுத் தொழிற்சாலை.

குயவர் வீட்டுப் பிள்ளை ஓட்டு அச்சுக்கு முன்னால் நிற்கிறான். எத்தனை ஆயிரம் பேர் அப்படி நின்றிருப்பார்கள்! இவர் யோசித்தது, இந்த அச்சில் ஓட்டுக்குப் பதிலாக ரொட்டி சுடுகிற மண் தட்டை (அங்கே 'தவா' என்பார்கள்) அடித்தால் என்ன என்று. 1988இல் 30,000 ரூபாய் கடன் வாங்கித் தொழிலைத் தொடங்கினார். கையால் செய்தால் நாளைக்கு நூறு தட்டு. அவர் அமைத்த அச்சில் அறுநூறு, எழுநூறு.

இது சும்மா மெஷின் வாங்கின கதை இல்லை. ஓடு வெயிலிலும் மழையிலும் கிடக்கும், அடுப்பில் ஏறாது. தட்டுக்கோ கீழே நெருப்பு, மேலே ஈர மா. எந்த மண்ணை எதோடு கலந்தால் வெடிக்காமல் நிற்கும் என்பது அச்சுக்குத் தெரியாது. அது தலைமுறையாகச் சட்டி சுட்ட வீட்டில் புழங்குகிற விஷயம். பாரம்பரியம் என்றால் நாங்கள் உடனே சக்கரத்தைத்தான் நினைக்கிறோம். போட்டோவுக்கும் அதுதான் அழகு. அவர் அந்தச் சக்கரத்தை விட்டுவிட்டார், மண்ணறிவை விடவில்லை. நான் இந்தக் கதையை எழுத வந்ததே அதுக்காகத்தான்.

2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அவருடைய சரக்கு நொறுங்கியது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று உடைந்த மண்பானைப் படத்தைப் போட்டு, ஏழைகளின் ஃபிரிட்ஜ் உடைந்தது என்ற கருத்தில் எழுதியது. அவர் அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டார். மண்ணிலேயே ஃபிரிட்ஜ் செய்தால் என்ன? வருஷக்கணக்காக மண் மாற்றி மண் பார்த்து 'மிட்டிகூல்' பிறந்தது. மேல் தட்டில் தண்ணீர், அது சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிரும். கரண்ட் தேவையில்லை. மரக்கறி சில நாள் வாடாமல் இருக்கும். கிராமத்துக் கண்டுபிடிப்பாளர்களைத் தேடிப் பிடிக்கிற பேராசிரியர் அனில் குப்தாவின் வட்டமும், ஜியான் என்ற குஜராத் அமைப்பும் கைகொடுத்தன.

சரி, நாங்களும் செய்து விற்கலாமா என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கோ. வாங்கானேர் காய்ந்த வெப்பம். சிலாபத்தில் கடற்காற்று, உடுப்பே காயாத ஈரம். ஏற்கெனவே ஈரமாக இருக்கிற காற்றில் தண்ணீர் லேசில் ஆவியாகாது, பெட்டியும் அந்தளவுக்குக் குளிராது. ஆகவே பெட்டியைப் பார்த்து அப்படியே அடித்தால் எங்களுக்கு வேலைக்காகாது. எங்கட மண்ணுக்கும் மீன்குழம்புக்கும் எது பொருந்தும் என்று எங்கட ஆட்களே பார்க்க வேணும்.

எனக்கு உறுத்துகிற இன்னொன்றும் இருக்கு. இங்கிலாந்தில் ஜொசையா வெட்ஜ்வுட் என்பவரும் குயவர் வீட்டுப் பிள்ளைதான். 1759இல் சொந்தமாகத் தொடங்கி, 1769இல் எட்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையே திறந்தார். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார். ஒருத்தர் வனைவார், ஒருத்தர் கைப்பிடி ஒட்டுவார், ஒருத்தர் வர்ணம் பூசுவார். உலகம் முழுக்கப் பெயர். ஆனால் முழுப் பானையும் செய்யத் தெரிந்த ஆளாக அங்கே வேலை செய்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? மிட்டிகூலிலும் அச்சு அழுத்துகிறவர் குயவராகிவிடுவதில்லை. குடும்பத்துக் கைவேலை கம்பனியானால் ஒரு வீடு தலைநிமிரும், உண்மை. மற்ற வீடுகள் அந்த வீட்டுக்குக் கூலிக்குப் போகும். அதுவும் உண்மைதான். வேலையே இல்லாமல் இருப்பதை விட அது மேல் என்று வாதாடலாம். நான் பாதி ஒத்துக்கொள்கிறேன்.

எங்கட மாவட்டத்திலேயே 1984 முதல் தங்கொட்டுவை போர்சலின் இருக்கு. பீங்கான் கோப்பை வெளிநாட்டுக்குப் போகுது. ஆனால் பொங்கல் பானைக்காரர் இன்னும் தெருவோரத்தில்தான் சாக்கு விரித்திருக்கிறார்.

போன தைக்கு அம்மா வழக்கம்போல ஒவ்வொரு பானையாகச் சுண்டிச் சத்தம் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தா. விற்ற ஐயாவிடம், இதை உங்களுக்குப் பிறகு யார் செய்வார்கள் என்று கேட்டேன். மகன் இருக்கிறான், ஆனால் சக்கரத்தில் இருக்க மாட்டான் என்றார். எங்கே வேலை என்று கேட்டேன்.

"ஓட்டு ஃபெக்டரியில தம்பி. அச்சு அடிக்கிறான்."