இரண்டாவது கம்பி

அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிலே தந்திக்கம்பி இடலாமென்றவர்களை நகைத்த உலகமே, 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அக்கம்பியைக் கொண்டாடிற்று. நியூயோர்க்கில் விட்ட வாணவேடிக்கையினால் நகர மண்டபத்தின் உச்சிக் கோபுரமே தீப்பற்றிக்கொண்டது! விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு விடுத்த 98 சொற்கள் சென்றடைய ஏறக்குறைய 16 மணித்தியாலங்கள் ஆயின. ஆயினும் ஒரு மாதத்துக்குள் கம்பி பயனற்றுப்போயிற்று. முன்னரே குறைபாடுடைய அக்கம்பியிலே வைற்ஹவுஸ் என்பார் மிகையான மின்னழுத்தத்தைச் செலுத்தியது அதன் முடிவை விரைவுபடுத்தியது. மாற்றுக் கம்பி இல்லாமையால் இரு கண்டங்களும் மீண்டும் கப்பல் தபாலையே நம்பியிருந்தன.

1865இல் 'கிறேற் ஈஸ்ரன்' என்னும் பெருங்கப்பல் புதிய கம்பியைச் சுமந்து புறப்பட்டது. சுமார் 1,200 மைல் கம்பியை இட்ட பின்னர், ஓகஸ்ட் 2ஆந் திகதி அது அறுந்து, இரண்டு மைலுக்கும் மேற்பட்ட ஆழத்தில் வீழ்ந்தது. மறு ஆண்டு யூலை 27இல் வேறொரு கம்பி நியூபவுண்லாந்தின் ஹாட்ஸ் கொன்ரென்ற் என்னுமிடத்தைச் சேர்ந்தது. அத்துடன் நின்றிருந்தாலும் சைரஸ் பீல்டையும் அவர்தம் கூட்டத்தாரையும் எவரும் குறைகூறியிரார். அவர்களோ திரும்பிச் சென்று, கொளுவிகளை ஆழ்கடலில் இறக்கிப் பன்முறை துழாவி, தொலைந்த கம்பியின் நுனியைத் தூக்கியெடுத்து, மிகுதிக் கம்பியுடன் பிணைத்தனர். கம்பி இட்டதிலும் இதுவே பெருஞ்செயல் என்பது மிகையன்று. செப்டெம்பர் 8இல் இரண்டாவது வழியும் திறந்தது. அதன்பின் ஒன்று பழுதுற்றாலும் மற்றையது செய்தியைச் சுமக்கும் நிலை உண்டாயிற்று.

இம்முறை பின்னர் கணினியினுள்ளும் புகுந்தது. 1974இல் கலிபோர்ணியாவில் தொடங்கப்பெற்ற ரண்டெம் நிறுவனம் 1976இல் வெளியிட்ட கணினியிலே, செயலிகளை இணைக்கும் பாதைகள் இரண்டாக அமைந்தன. இன்றைய சேவையகங்களில் வலையமைப்பு அட்டைகள் இரண்டைப் பூட்டுவதும் அவ்வாறானதே. ஒன்று தொழிற்பட, மற்றையது காத்திருக்கும். முதலாவதன் இணைப்பு அறுந்ததென மென்பொருள் கண்டவுடன் இரண்டாவது அதே முகவரியுடன் பணியை ஏற்கும். ஆனால் இரு அட்டைகளின் வடங்களும் ஒரே ஆளியிற் சென்று முடிந்தால், அவ்வாளி பழுதுறும்போது இரண்டும் ஒருங்கே ஊமையாகிவிடும். வழிகள் தொடக்கம்முதல் இறுதிவரை வெவ்வேறாக இருத்தல் வேண்டும்.

2022 சனவரி 15இல் கடலடி எரிமலை வெடித்தபோது, தொங்கா தீவுகளை வெளியுலகுடன் இணைத்த கடலடி வடம் ஒன்றே ஒன்று. அது அறுந்தது. செம்மைப்படுத்த ஐந்து வாரங்கள் சென்றன. அதுவரை செய்மதி வழியாகக் கிடைத்த மெலிந்த தொடர்பே அத்தீவினர்க்கு எஞ்சியிருந்தது.